எடுத்தெறிந்து பேசுகிறவள்

பட்டம் வாங்காதவனுக்கு ‘டிகிரி’ என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியம் கல்லூரி மாணவர்களைச் சேர்ந்தது. இயற்பியல் ஆய்வகத்தில் அவன் உதவியாளன். சாய்பலகை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் கோணமானியைத் தொடாமலே ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்து, “முப்பத்திரண்டு டிகிரி, மயிரிழை கம்மி” என்பான். அளந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். குடியிருந்த நான்கு மாடிக் கட்டிடத்துக்கும் அந்தப் பெயர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. அங்கே எல்லாருக்கும் அவன் டிகிரி சார். அந்த ‘சார்’ காதில் விழும்போதெல்லாம் அவனுக்கு உள்ளுக்குள் குளிரும்.

குளிரட்டும், தப்பில்லை. இருபது வருஷமாகக் கருவிகளைத் துடைத்து அடுக்குகிறவனிடம் பேராசிரியர்கள் வந்து கருத்தா கேட்கிறார்கள்? “இந்த மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுப்பா” என்பதற்கு மேல் யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. நடுவில் நாலு பேராவது நாலு வார்த்தை கேட்டிருந்தால், கடைசியில் ஒரு நாள் கேட்டபோது அவன் அப்படித் தலைகால் புரியாமல் ஆடியிருக்க மாட்டான்.

அவனுக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. மேசை விளிம்பில் ஒரு சரிவுத் தடம். அதில் உருட்டிவிடும் இரும்புக் குண்டு விளிம்பைத் தாண்டிப் பறந்து தரையில் விழும். தரையில் வெள்ளைத்தாள், அதன்மேல் கார்பன் தாள். குண்டு விழுந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி பதியும். மேசையின் உயரமும் புள்ளியின் தூரமும் தெரிந்தால் போதும், குண்டு என்ன வேகத்தில் விளிம்பை விட்டுக் கிளம்பியது என்று சொல்லிவிடலாம். “எங்க விழுந்துச்சுன்னு காட்டுங்க, எப்படிக் கிளம்புச்சுன்னு நான் சொல்றேன்” என்று மாணவர்களிடம் மார்தட்டுவான். அதற்கு முன்னால் தரையில் கிடக்கும் ஸ்டூல், பை, நீட்டிய கால் எல்லாவற்றையும் விரட்டி ஒதுக்குவான்.

“நடுவுல எதுவும் இருக்கக் கூடாது. நடுவுல ஒண்ணு இருந்தா கணக்கு போச்சு!”

ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு வகுப்புக்கும் இதையே சொல்வான். சொன்ன வாய் அவனுடையதுதான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அதே கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் அவனுடைய அக்கா இருந்தாள். அவனும் மனைவியும் முதல் மாடி. அக்காவின் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுத்து இணைப்புக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க அங்கே அடக்கிய குரலில் “சொல்லுங்க, யார் வேணும்?” என்று பேசிப் பேசி, வீட்டுக்கு வந்ததும் பாக்கி வைத்த சத்தத்தையெல்லாம் மொத்தமாக எடுத்துவிடுவாள். மூக்குக்கு மேல் கோபம். தண்ணீர் மோட்டார் போடாதவன், படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தினவன், எவனும் தப்ப முடியாது. ஐந்து நிமிஷம் கழித்து அதே ஆளிடம் “டீ குடிக்கிறியா?” என்று கேட்பாள்.

டிகிரி தினமும் வேலைக்குப் போகும் முன் மேலே ஏறிப் போய் அக்கா கையால் ஒரு டம்ளர் டீ குடிப்பான். குடிக்கும்போது பேப்பர் படிப்பான். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கூட்டில் போட்டு, கூட்டை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிவிடுவான். தெருவுக்கு வந்த பிறகுதான் சட்டைப்பையைத் தடவுவான். நிமிர்ந்து பார்த்தால் அக்கா பால்கனியில் கூட்டோடு தயாராக நிற்பாள்.

“கழுத்து மேல தலை இருக்கே, அதையாவது எடுத்துட்டுப் போறியா? பிடி!”

கைக்குட்டையில் சுற்றிய கூடு மூன்று மாடியும் இறங்கி வந்து அவன் உள்ளங்கையில் உட்காரும். ஒரு நாள்கூட அவள் குறி தப்பியதில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கீழே கடை வைத்திருந்த டெய்லர், “இவங்க மட்டும் பந்து வீசப் போயிருந்தா நமக்கெல்லாம் பெருமையா இருந்திருக்கும்” என்பார்.

அந்த டெய்லருக்கும் அக்காவுக்கும்தான் ஆகாது. ஆகாது என்றால் பெரிய பகையில்லை, தினசரிச் சண்டை. அக்கா பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண் போட்டுச் செடி வளர்த்தாள், அவற்றை பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்றினால் கீழே சொட்டும். டெய்லர் வெயிலுக்காகத் தன் கடை வாசலில் ஒரு படுதா கட்டியிருந்தார். சுவரிலிருந்து சாய்வாக இறங்கும் மூன்று இரும்புக் குழாய்களின் மேல் இழுத்துக் கட்டிய கனத்த துணி. காலையில் விரிப்பார், கடையைப் பூட்டும்போது சுருட்டிச் சுவரோடு கட்டிவிடுவார். சொட்டுகிற தண்ணீரெல்லாம் அந்தப் படுதாவில் விழுந்து, அங்கிருந்து வாசலில் மாட்டிய புதுத் துணிகளில் தெறிக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. அக்காவுக்கு அன்று விடுமுறை, தொண்டைக்கு வேலை வேண்டாமா? அவர் கீழேயிருந்து ஏதோ சொல்ல, அக்கா மேலேயிருந்து தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“இன்னொரு வார்த்தை பேசினே, இந்த டப்பாவைத் தூக்கி உன் தலையிலேயே போட்டுருவேன்!”

யார்தான் இப்படிச் சொல்லவில்லை? ‘கொன்னுடுவேன்’ என்று சொல்லாத தாய் உண்டா? ஆனால் அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த டப்பா உண்மையிலேயே விழுந்தது. துணியின் நிறம் வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க டெய்லர் நடைபாதை ஓரத்துக்கு வந்து நின்றிருந்தார். டப்பா அவருடைய வலது தோளில் விழுந்தது. காரை எலும்பு முறிந்துவிட்டது. மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றி, அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனார்கள். பக்கத்துப் பேப்பர் கடைக்காரர் நல்ல மனுஷர், டெய்லருடைய தையல் மெஷினை உள்ளே தள்ளி, படுதாவைச் சுருட்டிக் கட்டி, கடையைப் பூட்டினார். டிகிரி கல்லூரியிலிருந்து திரும்பியபோது மணி ஐந்து.

மறுநாள் காலை வீட்டுக்காரர் தன் வீட்டில் எல்லாரையும் கூட்டினார். நான்காம் மாடி, கட்டிடம் அவருடையது. டெய்லரின் தம்பி வந்து கண் சிவக்க நின்றான். அக்கா ஒரு மூலையில் இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“ஈரக் கைங்க. தண்ணி ஊத்திட்டு டப்பாவைத் திருப்பி வச்சேன், வழுக்கிருச்சு. சத்தியமா அவ்வளவுதான் நடந்துச்சு” என்றாள்.

“காலையில தலையில போடுவேன்னு சொன்னாங்களே, தெருவே கேட்டுச்சு” என்றான் தம்பிக்காரன்.

வீட்டுக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தவர் டிகிரியிடம் கண்ணை நிறுத்தினார். “சார், நீங்க விஞ்ஞானம் தெரிஞ்சவர். விழுந்ததா, போட்டதா? இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?”

அந்த இடத்தில் ‘அது என் அக்கா, என்னைக் கேக்காதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையே இல்லை. சொன்னானா? இல்லை. இருபது வருஷத்தில் முதல் முறையாக ஒரு கூட்டமே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. “இருக்கு” என்றான். “டப்பா எங்க விழுந்துச்சுன்னு சொல்லுங்க, எப்படிக் கிளம்புச்சுன்னு நான் சொல்றேன்.”

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். டெய்லர் தோளில் கட்டோடு படுத்திருந்தார். எங்கே நின்றீர்கள் என்று கேட்டான். விளக்குக் கம்பத்துக்கு ஓரடி உள்ளே என்றார். நடைபாதைக் கல்லில் டப்பாவின் விளிம்பு பட்டுச் செதில் பெயர்ந்திருந்ததும் அதற்குப் பக்கத்தில்தான். டேப்பைப் பிடித்து அளந்தான், மேலே ஏறிக் கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு உயரத்தையும் எடுத்தான். தெருவே கூடி நின்று பார்த்தது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பூட்டிய கடையின் முன்னால், சுருட்டிச் சுவரோடு கட்டியிருந்த படுதாவுக்கு நேர் கீழேதான் டேப்பின் ஒரு முனையை வைத்திருந்தான்.

கைப்பிடிச் சுவரிலிருந்து டெய்லரின் தோள் வரை ஒன்பது மீட்டர். விழ ஆகும் நேரம் ஒன்று புள்ளி மூன்று ஐந்து விநாடி. சுவரிலிருந்து டெய்லர் நின்ற இடம் இரண்டு புள்ளி ஏழு மீட்டர். வகுத்தால் விநாடிக்கு இரண்டு மீட்டர்.

“கை பட்டு வழுக்கியிருந்தா சுவர் ஓரமாவே விழுந்திருக்கும்” என்றான் கூட்டத்தில், தாளைத் தூக்கிக் காட்டி. “ரெண்டு புள்ளி ஏழு மீட்டர் தள்ளி விழணும்னா விநாடிக்கு ரெண்டு மீட்டர் வேகத்துல வெளியே வந்திருக்கணும். மண்ணோட மூணு கிலோ டப்பா. அது வழுக்கல்ல கிடைக்கிற வேகம் இல்ல. கையால தள்ளினாத்தான் வரும்.”

அக்கா எழுந்து அவனுக்கு எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் பேசினாள்.

“டேய் தம்பி. நான் தள்ளலைடா.”

“நான் சொல்லலக்கா. கணக்கு சொல்லுது.”

“நான் குறி வச்சிருந்தா தோள்ல விழுந்திருக்குமா? தலையிலதானே விழுந்திருக்கும். உனக்குத் தெரியாதா?”

யாரோ சிரித்தார்கள். அவனும் லேசாகச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

போலீஸுக்குப் போக வேண்டாம், மாதக் கடைசியில் அந்தம்மா காலி பண்ணிவிடட்டும் என்று முடிவானது. படியிறங்கும்போது வீட்டுக்காரர் அவன் தோளைத் தட்டினார். “சொந்த அக்கான்னுகூடப் பாக்கல பாருங்க! நேர்மைன்னா இது நேர்மை.” அதைக் கேட்டு அவன் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. மூடன்.

அவன் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று தட்டை அவன் முன்னால் வைத்த வேகத்திலேயே விஷயம் தெரிந்தது.

“உங்க அக்கா எடுத்தெறிஞ்சு பேசுவாங்க. எடுத்து எறிய மாட்டாங்க. இந்த வித்தியாசம் தெரிய டேப் வேணுமா?”

“உனக்குக் கணக்கு புரியாது.”

“உங்களுக்கு அக்காவைப் புரியல” என்றாள் அவள்.

அக்கா போய்விட்டாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு வீடு, இரண்டு பஸ் மாற வேண்டும். சாமான் ஏற்றிய நாளில் டிகிரி கல்லூரியில் வேலை இருப்பதாகச் சொல்லிச் சீக்கிரமே கிளம்பிவிட்டான். செடி டப்பாக்கள் ஒன்றையும் அவள் எடுத்துப் போகவில்லை. அதன் பிறகு விசேஷம், துக்கம் எதிலும் இருவரும் எதிரெதிரே நின்றதில்லை. மனைவி மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்வருவாள். வந்து ஒன்றும் சொல்ல மாட்டாள், அவனும் கேட்க மாட்டான். காலையில் கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டுத் தெருவுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் மனைவி கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டி அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

இப்படியே ஆறு வருஷம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டெய்லர் கடை வாசலில், நடைபாதை ஓரத்தில் டிகிரி நின்று புதுச் சட்டையை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே யாரோ காயப்போட்ட துணியிலிருந்து ஒரு கிளிப் நழுவியது. சுவரை ஒட்டி நேராக இறங்கி, படுதாவில் ‘டப்’ என்று விழுந்து, துள்ளி, அவனுடைய காலடியில் வந்து கிடந்தது.

குனிந்து எடுத்தான். எடுத்தவன் நிமிரவில்லை. தன் காலுக்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தான். ஒரு செதில் பெயர்ந்திருந்தது. பக்கத்தில் ஓரடியில் விளக்குக் கம்பம்.

தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு.

“டெய்லர்” என்றான். நிமிர்ந்து படுதாவைப் பார்த்தான், மறுபடி கூப்பிட்டான். “டெய்லர், அன்னிக்கு, உங்க தோள்ல விழுந்த அன்னிக்கு, இந்தப் படுதா விரிச்சா இருந்துச்சு?”

டெய்லர் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். “ரெண்டு மணி வெயில்ல விரிக்காம? விரிச்சுதான் இருந்துச்சு. அதுல விழுந்து துள்ளித்தானே என் மேல வந்துச்சு. இதோ பாருங்க, நடுக்குழா. வளைஞ்சிருக்கா? அன்னிலேர்ந்து இப்படித்தான் கிடக்கு. மழை பேஞ்சா தண்ணி இங்கதான் தேங்குது, நிமித்தணும் நிமித்தணும்னு ஆறு வருஷம் ஓடிப்போச்சு.”

“ஏன் சொல்லல?” கிட்டத்தட்டக் கத்திவிட்டான்.

“நீங்க கேக்கலையே சார்” என்றார் டெய்லர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. “எங்க நின்னீங்கன்னு கேட்டீங்க, நின்ன இடத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து படுதாவை விரிச்சா ஒரே மண்ணு. நான்தான் ஒத்தைக் கையால உதறினேன். நீங்க கணக்குப் போட்டு, தள்ளினதுன்னு சொல்லிட்டீங்கன்னாங்க. படிச்சவர், இதெல்லாம் கணக்குல வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.” ஊசியை நிறுத்தினார். “எனக்கே மனசு ஒப்பலதான். நான் வார்டுல கிடந்த நாளெல்லாம் உங்க அக்கா டெலிபோன்லேர்ந்து நர்ஸைக் கூப்பிட்டு, டெய்லர் சாப்பிட்டாரான்னு கேப்பாங்களாம். தள்ளினவங்க கேப்பாங்களா? அப்படியும் நான் வாயத் திறக்கல. என் தப்பும் இருக்கு.”

டிகிரி வீட்டுக்குள் போய் ஒரு தாளை எடுத்தான். சுவர், பால்கனி, சாய்ந்த படுதா, அதிலிருந்து வெளியே துள்ளும் ஒரு வளைவு. கணக்கு இந்த முறையும் சரியாக வந்தது, கை தள்ளவே வேண்டியதில்லை. பிறகு இன்னொன்றும் போட்டுப் பார்த்தான், அன்றைக்கே போட்டிருக்க வேண்டியது. ஒன்பது மீட்டர் தடையில்லாமல் விழுந்த பொருள் என்ன வேகத்தில் வந்து இறங்கும்? விநாடிக்குப் பதின்மூன்று மீட்டர். மணிக்குச் சொன்னால் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அந்த வேகத்தில் மூன்று கிலோ வந்து இறங்கியிருந்தால் டெய்லர் இன்று பட்டன் தைத்துக்கொண்டிருக்க மாட்டார். வெறும் காரை எலும்போடு போனது என்றால் நடுவில் ஏதோ ஒன்று வேகத்தைத் தின்றிருக்க வேண்டும். இதை அவனுடைய முதலாண்டு மாணவன்கூடக் கேட்டிருப்பான். அவன் கேட்கவில்லை. பக்கவாட்டு வேகத்தை மட்டும் பார்த்தான், ஏனென்றால் எல்லாரும் அவனிடம் கேட்டது அதை மட்டும்தான்.

நடுவுல எதுவும் இருக்கக் கூடாது. இருபது வருஷம் சொன்னான், நடுவில் ஏதாவது இருந்ததா என்று ஒரு தடவை கேட்கவில்லை. மனைவியிடம் தாளைக் காட்டினான். அவள் தாளைப் பார்க்கவே இல்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“போயிட்டு வாங்க” என்றாள். “இப்பவே போங்க.”

இரண்டு பஸ். அங்கேயும் மூன்றாம் மாடிதான். அக்கா கதவைத் திறந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. முழங்காலில் பட்டையாக எதையோ சுற்றியிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“வா. நிக்க முடியல எனக்கு, உக்காந்துக்கிறேன். நீயும் உக்காரு.”

சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மேசையில் மாத்திரைப் பட்டைகள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு செடியில்லை, ஒரு டப்பாவில்லை, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது.

தாளை எடுத்து விரித்தான். கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான், கயிறு அறுந்து ஒரு வாரமாகியிருந்தது. படத்தைக் காட்டினான். படுதா, வளைந்த குழாய், கிளிப், டெய்லர் சொன்னது, பதின்மூன்று மீட்டர் எல்லாவற்றையும் சொன்னான். மாணவர்களுக்குச் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னான். அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது பதறியடித்துப் போனில் பேசினால் கேட்பாளே, அப்படிக் கேட்டாள்.

“நான் தப்பு பண்ணிட்டேன்க்கா” என்றான் கடைசியில். அழுகை வந்துவிட்டது. “நீ தள்ளல. எனக்கு இப்பத் தெரிஞ்சிருச்சு. நான் நம்புறேன்.”

“யாரை?” என்றாள் அக்கா.

அவனுக்கு முதலில் புரியவில்லை.

“யாரை நம்புறே? நான் அன்னிக்கு உன் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னேன். அப்ப நம்பல. இன்னிக்கு ஒரு வளைஞ்ச குழா சொன்னதும் பஸ் ஏறி வந்துட்டே. என்னையா நம்புறே?” குரல் ஏறவில்லை. பழைய அக்காவாக இருந்தால் இந்நேரம் கட்டிடம் அதிர்ந்திருக்கும். “அந்தக் குழா வளையாம இருந்திருந்தா? டெய்லர் அதை நிமித்திப் போட்டிருந்தா? அப்பவும் நான் தள்ளாதவதான்டா. ஆனா நீ வந்திருக்க மாட்டே.”

வந்திருப்பேன் என்று சொன்னால் பொய். அந்தப் பொய்யையாவது சொல்லித் தொலைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கண்டுபிடித்துவிடுவாள். தாளை மடித்தான், மடித்ததையே மறுபடி மடித்தான்.

“அழாதே” என்றாள் அக்கா. “டீ போடுறேன், குடிச்சிட்டுப் போ.”

டீ குடித்தார்கள். அவன் மனைவியின் சர்க்கரை அளவு பற்றிக் கேட்டாள். கல்லூரியில் இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டாள். டெய்லருக்குத் தோள் வலி இருக்கிறதா என்று கேட்டாள், மழைக்காலத்தில் இருக்கும் என்றான். டீயில் சர்க்கரை சரியாக ஒன்றரைக் கரண்டி இருந்தது. கேட்காமலே போட்டிருந்தாள். அதைக் குடித்து முடிப்பது அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

“வரேன்க்கா.”

“ம்.”

படியிறங்கித் தெருவுக்கு வந்தான். பஸ் நம்பரைப் பார்க்கலாமென்று சட்டைப்பையைத் தடவினான். கூடு இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தது ஞாபகமிருந்தது, எடுத்தது ஞாபகமில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

நிமிர்ந்து பார்த்தான். மூன்றாம் மாடி பால்கனியில் அக்கா நின்றிருந்தாள், கையில் கூடு.

அவனுடைய இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து குவிந்தன. ஆறு வருஷம் கழித்தும் அந்தக் கைகளுக்கு எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் விரிய வேண்டும் என்று தெரிந்திருந்தது. சொல்லட்டும், ‘கழுத்து மேல தலை இருக்கே’ என்று திட்டட்டும், தெருவே கேட்கட்டும். அந்த ஒரு ‘பிடி!’ வந்துவிட்டால் போதும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அக்கா கீழே பார்த்தாள். கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். கூட்டை இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் குவித்த கையோடு நின்றுகொண்டிருந்தான். பிறகுதான் மாடிப்படியிலிருந்து சத்தம் கேட்டது. ஒரு கால், கைப்பிடியில் கை, பிறகு அடுத்த கால். அந்த முழங்காலோடு இறங்கி வருகிறாள்! “அக்கா, நில்லு, நான் வரேன்” என்று கத்திக்கொண்டே ஓடினான். முதல் மாடித் திருப்பத்தில் அவளைப் பிடித்தான். மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“எறிஞ்சிருக்கலாமேக்கா! நான் பிடிச்சிருப்பேனே. என்னிக்காவது விட்டிருக்கேனா?”

“கை தவறிருச்சுன்னா?” என்றாள் அக்கா. “எவனாவது டேப்பைத் தூக்கிட்டு வந்து அளப்பான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கூட்டை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அவளே மூடிவிட்டாள். பிறகு திரும்பிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். கூடவே ஏற அவன் ஒரு காலை எடுத்து வைத்தான்.

“நீ போ. பஸ் போயிரும்” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவன் அங்கேயே நின்றான். மேலே கதவு சாத்துகிற வரைக்கும் ஒவ்வொரு படியும் கேட்டது.